வெள்ளிக்கிழமை மேட்னி

சினிமாவை எங்கே கற்றுக்கொண்டீர்கள் என்று போகிற இடமெல்லாம் கேட்கிறார்கள். ஏதாவது ஒரு பெரிய கல்லூரியின் பெயரைச் சொல்வேன் என்று பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருப்பார்கள். செஞ்சியில், ஒரு தகரக் கொட்டகையில், பெண்கள் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்து கற்றுக்கொண்டேன் என்று சொன்னால் சிரிக்கிறார்கள். தன்னடக்கமாம். தன்னடக்கம் எனக்கு எந்தக் காலத்திலும் கிடையாது. என்னிடம் படித்தவர்களைக் கேட்டால் பக்கம் பக்கமாகச் சொல்வார்கள். ஆசையாய் உட்கார்ந்து கற்கவில்லை என்பதுதான் விஷயம். பயந்து பயந்து கற்றேன். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் என் அம்மா இந்தப் படம் முடிவதற்குள் செத்துப்போய்விடுவாளோ என்ற பயம்.

என் மாணவர்கள் எனக்கு வைத்திருக்கும் பட்டப்பெயர் ‘முந்தின சீன்’. எந்தப் படத்தைப் பற்றிப் பேச்சு வந்தாலும், எல்லோரும் அழுகிற சீனை விடு, அதற்கு முந்தின சீனைப் பார் என்று நான் நச்சரிப்பதால் வந்த பெயர். நான் இல்லாதபோதுதான் சொல்கிறார்கள் என்று அவர்களுக்கு நினைப்பு. எழுதிய புத்தகங்களிலும் அதையேதான் வேறு வேறு விதமாகச் சொல்லியிருக்கிறேன். அது எங்கிருந்து வந்தது என்று மட்டும் எழுதியதில்லை.

எண்பதுகளில், நான் பிளஸ் டூ முடித்துவிட்டு வீட்டில் இருந்த வருஷம். நைனா, அதாவது என் அப்பா, மார்க்கெட் கமிட்டியில் மூட்டை எடை போடுகிற வேலையில் இருந்தார். வல்லம், தொண்டூர்ப் பக்கமிருந்து மல்லாட்டை என்கிற வேர்க்கடலையும் நெல்லும் வண்டி வண்டியாக வந்து இறங்கும் பருவத்தில் அவரை வீட்டில் பார்க்க முடியாது. வீட்டில் நானும் அம்மாவும். தம்பி ஒருவன் இருந்தான், ஒண்ணாங்கிளாஸ் படித்துக்கொண்டிருந்தான். அதற்கு முந்தின வருஷம் பாம்பு கடித்துப் போய்விட்டான்.

எங்கள் ஊரில் பாம்பு பெரிய அதிசயம் இல்லை. சுற்றிலும் மலையா, கற்குவியலா என்று தெரியாத மாதிரி பாறைகள். வெயில் ஏறினால் அங்கே இருக்க முடியாமல் அதுகள் வீட்டுப் பக்கம் நிழலுக்கு வரும். எங்கள் வீட்டுப் பின்னால் வைக்கோல் போர் இருந்தது. அன்று நான் பள்ளிக்கூடத்தில், நைனா கமிட்டியில், ஒண்ணாங்கிளாஸ் சீக்கிரம் விட்டு வந்த தம்பி பின்னால் விளையாட்டில். அம்மா அடுப்பில் களி கிண்டிக்கொண்டிருந்தாள். கோழி உள்ளே வந்து மிதிக்கும் என்று பின்கதவைத் தாழ்ப்பாள் போட்டுவிட்டுத்தான் களி கிண்டுவாள். இறக்கி வைத்துவிட்டுக் கதவைத் திறந்தால் பிள்ளை படியில் குப்புறக் கிடந்தான். பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கி ஓடினார்கள். விழுப்புரத்துக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். போகிற வழியிலேயே முடிந்துவிட்டது. எங்களுக்குத் தெரிந்தது இவ்வளவுதான். அம்மா அதற்குமேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அழவும் இல்லை. எழவுக்கு வந்தவர்கள், “இன்னாடி இவ கல்லாட்டம் குந்தினு இருக்கா” என்று அவள் காது படவே பேசினார்கள்.

பின்சுவர் எழுப்பும்போது ஒரு புற்றை இடித்தோம் என்றும், அதனால்தான் புற்றுக்காரி அம்மன் பிள்ளையை எடுத்துக்கொண்டாள் என்றும் சொந்தக்காரர்கள் கண்டுபிடித்தார்கள். நைனா அதை அப்படியே நம்பினார். யார் மேலாவது பழியைப் போட்டால்தானே மனிதனால் மறுநாள் வேலைக்குப் போக முடியும்?

அடுத்த ஆடி மாதம் கொட்டகையில் ஓர் அம்மன் படம் போட்டார்கள். சாதாரணப் படம். ஊருக்கு ஒரு பண்ணையார், அவனிடம் மாட்டிக்கொண்ட ஏழைப் பெண், அவளுக்கு ஒரு பிள்ளை. கடைசியில் புற்றிலிருந்து பாம்பு படமெடுத்து வரும், பாம்புக்குப் பின்னால் அம்மனே வந்து சூலத்தால் பண்ணையாரைக் குத்துவாள். இந்தக் கதையை எழுத ஒரு சாயங்காலமும் இரண்டு டீயும் போதும். ஆனால் ஊரே போயிற்று. பக்கத்து வீட்டுப் பெண்கள் அம்மாவையும், “வாக்கா, மனசுக்கு ஆறுதலா இருக்கும்” என்று வெள்ளிக்கிழமை மேட்னிக்கு இழுத்துக்கொண்டு போனார்கள்.

திரும்பி வரும்போது இரண்டு பேர் தாங்கிப் பிடித்திருந்தார்கள். தலைமுடி அவிழ்ந்து, புடவையெல்லாம் மஞ்சத்தண்ணி, நெற்றியில் அப்பிய திருநீறு. “அம்மன் வந்துட்ச்சி. இவ மேலதான் மொதல்ல வந்துது” என்றார்கள் பெருமையாக. அப்போதுதான் கமிட்டியிலிருந்து வந்த நைனா செருப்பைக் கழற்றிவிட்டுத் தன் பெண்டாட்டியைக் கையெடுத்துக் கும்பிட்டார். நைனா அம்மாவைத் திட்டிப் பார்த்திருக்கிறேன், கெஞ்சிக்கூடப் பார்த்திருக்கிறேன். கும்பிட்டுப் பார்த்ததில்லை. அவர் கும்பிட்ட ஆளின் உதடு நீலம் பாரித்திருந்ததை நான்தான் பார்த்தேன்.

மறுநாள் ஊர் டாக்டரிடம் கூட்டிப்போனோம். அவர் குழாயை அம்மாவின் மார்பில் வைத்து வெகுநேரம் எடுக்கவே இல்லை. சின்ன வயதில் மூட்டு வீங்கி ஜுரம் வந்ததா என்று கேட்டார். வந்தது என்றாள் அம்மா. இதயத்தில் ஒரு வால்வு சுருங்கியிருக்கிறது, மூச்சு வாங்குகிற மாதிரி எதுவும் செய்யக்கூடாது என்றார். பிறகு நைனாவைத் தனியாகக் கூப்பிட்டு, “இன்னொரு வாட்டி இந்த மாதிரி ஆடுனா மூச்சு நின்னாலும் நின்னுடும். அப்பறம் என்னைக் கேக்காதீங்க” என்றார். கதவு ஓரம் நின்ற என் காதிலும் விழுந்தது. விழாமலே இருந்திருக்கலாம்.

நைனா வீட்டு வாசலில் நின்று, “டாக்டரு சொல்றது சரிதான். ஆனா சாமிய வராதன்னு சொல்ல நம்ம யாரு?” என்றார். அவருக்கு இரண்டு பக்கமும் பயம். போகவிட்டால் பெண்டாட்டி போவாள். தடுத்தால் சாமி குத்தம், மிச்சமிருக்கிற பிள்ளையும் போகும். மிச்சமிருக்கிற பிள்ளை நான்.

அடுத்த வெள்ளிக்கிழமை போகக்கூடாது என்று நான் ஒற்றைக்காலில் நின்றேன். அம்மா சண்டை போடவில்லை. காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் குடிக்காமல் பின்கதவைப் பார்த்தபடி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கூப்பிட்டால் திரும்பவில்லை. பொழுது போகப் போக உதடு மறுபடி நீலமானது. போனால்தான் ஆபத்து என்று நினைத்திருந்தேன்; போகாமல் இருந்தாலும் அதே ஆபத்து வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்திருந்தது. “நீ கூடப் போ. கைய மட்டும் வுடாத” என்றார் நைனா. அப்படித்தான் நான் விமர்சகர் ஆனேன்.

அந்தக் கொட்டகையில் ஒரே ஒரு மெஷின். ஒரு ரீல் முடிந்தால் லைட்டைப் போட்டுவிட்டு அடுத்ததை மாட்டுவார்கள். அந்த இடைவெளியில் சோடாவும் முறுக்கும் சுற்றி வரும். கடைசி ரீல் மாட்டும்போது மட்டும் சோடாக்காரர் வர மாட்டார். அவருக்குப் பதில் கொட்டகை ஆள் இரண்டு பேர் மஞ்சத்தண்ணிக் குடமும் வேப்பிலைக் கொத்துமாகப் பெண்கள் பக்கம் வந்து தயாராக நிற்பார்கள். ஒருவர் கையில் தட்டில் சூடம் இருக்கும். படத்தில் அம்மன் வந்ததும் அங்கங்கே பெண்கள் ஆடுவார்கள், தண்ணீர் தெளிப்பார்கள், வேப்பிலை கொடுப்பார்கள். அம்மன் படம் ஓடுகிற எல்லாக் கொட்டகையிலும் அப்போது இது வழக்கம்தான். ஆனால் என் அம்மா ஆடியது வேறு மாதிரி. மற்றவர்கள் குரல் கொடுத்து, கையைத் தூக்கி, ஒரு தாளத்தோடு ஆடினார்கள். அம்மாவிடமிருந்து சத்தமே வராது. வாயைத் திறந்து திறந்து மூடுவாள், காற்றுக்குத் தவிக்கிறவள் மாதிரி. உடம்பு முன்னும் பின்னும் அடித்துக்கொள்ளும். பிறகு அப்படியே சரிவாள். ஒவ்வொரு தடவையும் அவள் மூக்கின் அருகே விரல் வைத்துப் பார்த்துக்கொண்டு இருப்பேன். மூச்சு விரலில் படும்வரை எனக்கு மூச்சு வராது.

கொட்டகை முதலாளிக்கு இது நல்ல வியாபாரமாகிவிட்டது. எங்களுக்கு டிக்கெட் வேண்டாம் என்றார். முன்வரிசை பெஞ்சில் வேப்பிலை கட்டி அம்மாவுக்கு என்று தனி இடம் போட்டார். அதோடு விட்டாரா? சைக்கிள் ரிக்ஷாவில் மைக் கட்டி, ‘அம்மன் நேரில் இறங்கும் அதிசயம், காணத் தவறாதீர்கள்’ என்று திண்டிவனம் ரோடு முழுக்கக் கத்த வைத்தார். சீயமங்கலத்திலிருந்துகூட ஆட்கள் பஸ் ஏறி வந்தார்கள். படம் பார்க்க வந்தவர்கள் பாதி, என் அம்மாவைப் பார்க்க வந்தவர்கள் பாதி. அவள் சரிந்து கிடக்கும்போது காலைத் தொட்டுக் கும்பிட்டு, “தாயே, எம்பொண்ணுக்கு எப்ப கல்யாணம் ஆவும், சொல்லு” என்று உலுக்குவார்கள். அவள் என்ன சொல்வாள்? மூச்சு வாங்குவாள். அந்த மூச்சையே வாக்காக எடுத்துக்கொண்டு சந்தோஷமாகப் போனார்கள். எனக்கு அவர்கள் கையையெல்லாம் கடிக்க வேண்டும் போல இருக்கும். ஒருத்தியைக் கடித்தும் விட்டேன். அம்மன் கடித்தது என்று அதையும் கும்பிட்டாள்.

கோபம் ஒரு பக்கம் இருக்கட்டும். வழி கண்டுபிடித்தாக வேண்டும். பாம்பு வருவதற்கு முன்னால் அம்மாவை வெளியே கூட்டிக்கொண்டு போய்விட்டால்? பாம்பைப் பார்த்துத்தான் அம்மாவுக்குச் சாமி வருகிறது என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை, எனக்கும் இல்லை. பிள்ளையைக் கொண்டுபோனது பாம்பு, திரையில் பாம்பு, பாம்புக்குப் பின்னால் அம்மன். இதற்குமேல் என்ன விளக்கம் வேண்டும்? நான் படத்தை மனப்பாடம் செய்ய ஆரம்பித்தேன். பண்ணையாரின் ஆட்கள் குடிசைக்குத் தீ வைப்பார்கள், அதன்பின் காற்றில் ஒரு மணி ஆடும், மணி ஆடி முடிந்ததும் புற்று. எந்தக் காட்சிக்குப் பின் எது, எங்கே வெட்டி எங்கே ஒட்டியிருக்கிறார்கள், உடுக்கைச் சத்தம் எங்கே தொடங்குகிறது என்று கண்ணை மூடிக்கொண்டே சொல்வேன். பிற்காலத்தில் என் வகுப்புப் பிள்ளைகள் முக்கி முனகிச் செய்த வேலையை நான் என் அம்மா உயிருக்குப் பயந்து செய்தேன்.

அடுத்து வந்த வெள்ளிக்கிழமை, குடிசையில் தீப்பிடித்ததும் அம்மாவின் காதில், “ம்மா, அவசரமா வெளிய போவணும். தனியாப் போவ பயமா இருக்குது, கூட வா” என்றேன். எழுந்து வந்தாள். எனக்கு நம்பவே முடியவில்லை. பக்கத்துக் கதவின் தாழ்ப்பாளை நீக்கி, கொட்டகைக்கு வெளியே சைக்கிள் நிற்கிற வேப்பமரத்தடிக்குக் கூட்டிக்கொண்டு வந்தேன். நல்ல வெயில். உள்ளே இன்னும் உடுக்கை தொடங்கவில்லை. பாம்பும் இல்லை, அம்மனும் இல்லை, எதிரே மலைதான். பிழைத்தோம் என்று நினைத்தேன்.

அம்மாவின் கை என் கைக்குள் விறைத்தது. வாய் திறந்து மூடியது. அந்த மரத்தடியிலேயே, சைக்கிள்களுக்கு நடுவில், அடித்து அடித்துச் சரிந்தாள். தாங்கிப் பிடிக்க ஆளில்லை. நாலைந்து சைக்கிள்கள் எங்கள் மேல் சாய்ந்தன. அவள் தலையை மடியில் போட்டுக்கொண்டு மூக்கில் விரல் வைத்தேன். இந்த முறை மூச்சு வெகுநேரம் வரவில்லை. அவளைக் கொன்றுவிட்டேன் என்று நினைத்து வாய்விட்டு அழ ஆரம்பித்த பிறகுதான் வந்தது.

அன்று வீட்டுக்கு வந்து யோசித்தேன். பாம்பைப் பார்க்கவில்லை, ஆனாலும் வந்தது. அப்படியானால் நாங்கள் எழுந்து வரும்போதே அது ஆரம்பித்துவிட்டது. நான் பார்த்துக்கொண்டிருந்தது தப்பான இடம். எல்லோரும் பார்க்கிற இடத்தையே நானும் பார்த்திருக்கிறேன்.

அடுத்த வாரம் நான் படத்தைப் பார்க்கவில்லை. திரைக்குப் பாதி முதுகைக் காட்டி உட்கார்ந்து அம்மாவின் முகத்தையே பார்த்தேன். திரையின் வெளிச்சம் அவள் முகத்தில் ஏறி இறங்கியது. ரீலுக்கு ரீல் ஒன்றும் இல்லை. சிரிப்பு வருகிற இடத்தில் மற்றவர்கள் சிரித்தார்கள், அவள் பேசாமல் இருந்தாள். பாட்டு வரும்போது லேசாகக் கண்ணயர்ந்தாள்கூட. கடைசி ரீல் மாட்டி லைட் அணைந்ததும் முதுகு நிமிர்ந்தது. நான் கையை இறுக்கிக்கொண்டேன்.

கடைசி ரீல் ஒரு சப்பைக் காட்சியோடு தொடங்கும். அந்த ஏழைப் பெண் அடுப்படியில் உட்கார்ந்து சோறு வடிப்பாள். வெளியே அவள் பிள்ளை கதவைத் தட்டும். பிள்ளையைக் காட்டவே மாட்டார்கள். அன்றைக்குப் பையனைக் கூட்டிவரவில்லையோ என்னவோ, மூடிய கதவையும் குரலையும் வைத்து ஒப்பேற்றியிருந்தார்கள். “அம்மா, கதவைத் திறம்மா” என்று குரல் வரும். “இருடா, வர்றேன்” என்பாள் அவள். மறுபடி, “அம்மா” என்னும். அவ்வளவுதான், அடுத்தது பண்ணையார் வீடு. பையனுக்கு ஒன்றும் ஆகாது, பிறகு நன்றாக ஓடி வருவான். அந்த இடத்தில்தான் ஜனங்கள் மிச்சம் வைத்த முறுக்கைப் பிரிப்பார்கள், பிள்ளைக்குப் பால் கொடுப்பார்கள். நானே அதை ஒரு காட்சியாக எண்ணியதில்லை.

“அம்மா, கதவைத் திறம்மா” என்று குரல் வந்தபோது என் அம்மாவின் வாய் திறந்தது. திறந்து, மூடியது. கை விறைத்தது. பாம்பு வர இன்னும் எவ்வளவோ நேரம் இருந்தது. இத்தனை வாரமாக அவள் காற்றுக்குத் தவிக்கவில்லை. பதில் சொல்லத் தவித்துக்கொண்டிருந்தாள்.

இரண்டு நாள் அதை உள்ளே வைத்துக்கொண்டு புழுங்கினேன். கேட்டால் அவளுக்கு என்ன ஆகுமோ என்ற பயம். கேட்காவிட்டால் வெள்ளிக்கிழமை வருமே என்ற பயம். மூன்றாம் நாள் அவள் களி கிண்டிக்கொண்டிருந்தபோது பின்னால் போய் நின்று, “ம்மா, அன்னிக்கித் தம்பி உன்னக் கூப்டானா?” என்று கேட்டேன்.

களி கிண்டுகிற துடுப்பு நின்றது. அவள் திரும்பவில்லை. களி அடிபிடித்து, புகை வந்து, கருகல் வாசனை வீடு முழுக்கப் பரவியது. என் அம்மா களியைக் கருக விட்டு நான் பார்த்தது அன்றுதான். “கூப்டான்டி” என்றாள். “ம்மா கதவத் தொறன்னான். களிய வுட்டா கட்டி தட்டிடும்னு, இருடா வரேன்னேன். இன்னொரு வாட்டியும் கூப்டான். அப்பறம் சத்தம் இல்ல. வெளாடப் போயிட்டான்னு நெனச்சேன்.”

எனக்கு அவளைத் தொடக்கூடத் தைரியம் வரவில்லை. பாம்பு கடித்த பிள்ளை, கதவு உடனே திறந்திருந்தால் மட்டும் விழுப்புரம் போய்ச் சேர்ந்திருக்குமா என்று எனக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது. அவளுக்குத் தெரிந்தது அந்த ‘இருடா’ மட்டும்தான். கருகின சட்டியை வாங்கி வெளியே வைத்தேன்.

வருகிற வெள்ளிக்கிழமையோடு படத்தைக் கொட்டகையை விட்டு எடுத்துவிடுகிறார்கள் என்று மைக்கில் சொல்லிக்கொண்டு போனார்கள். ஒரு வாரம் போகாமல் இருந்தால் ஆபத்து தாண்டிவிடும் என்று கணக்குப் போட்டேன். “இனிமே போவாத. போனா செத்துடுவ” என்று வெள்ளிக்கிழமை காலையில் நேராகவே சொல்லிவிட்டேன். அம்மா தலையை வாரிக்கொண்டே, “இன்னிக்கி வுட்டா அப்பறம் எங்க போயி கேப்பேன்?” என்றாள். சாமியைப் பார்க்க அவள் ஒரு நாளும் போகவில்லை. குரலைக் கேட்கப் போனாள். அது தெரிந்தபின் அவளைத் தடுக்க எனக்குக் கை வரவில்லை. கூட்டிக்கொண்டு போனது சரியா என்று இன்றுவரை தெரியாது.

கொட்டகையில் நிற்க இடமில்லை. ஆண்கள் பக்கத்திலிருந்தும் எட்டிப் பார்த்தார்கள். கடைசி ரீலில் குரல் வந்தது, அம்மா விறைத்தாள், வழக்கம் போல எல்லாம் நடந்தது. இதுவரை இல்லாத மூர்க்கத்தோடு நடந்தது. அம்மன் சூலத்தைத் தூக்கும்போது அவள் பெஞ்சிலிருந்து தரையில் விழுந்தாள். மணிக்கட்டைப் பிடித்தேன். நாடி, கையில் பிடித்த கோழிக்குஞ்சு மாதிரி துடித்தது, விட்டு விட்டு. மஞ்சத்தண்ணி ஊற்றினார்கள். சூடம் காட்டினார்கள். திரையில் வணக்கம் போட்டு லைட்டும் போட்டாயிற்று, அவள் கண்ணைத் திறக்கவில்லை. பிறகு திறந்தாள். உதடும் நகமும் நீலம். எழுப்பி உட்கார வைத்து, வீட்டுக்குப் போகலாம், முடிந்துவிட்டது, இனி இந்தச் சனியன் பிடித்த படம் ஊரில் இல்லை என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே அவள் முந்தானையைப் பிழிந்தேன்.

அப்போதுதான் ஆண்கள் பக்கத்தில் ஒருத்தன், “ஒன்ஸ் மோர்!” என்று கத்தினான்.

நல்ல பாட்டு, நல்ல சண்டை என்றால் கடைசி நாளில் அந்த ரீலை மறுபடி ஓட்டுவது அந்தக் கொட்டகை வழக்கம். ஜனங்கள் பெஞ்சைத் தட்டினார்கள். முதலாளி பின்னால் நின்று, மேலே பார்த்து ஓட்டச் சொல்லிக் கையை ஆட்டினார். மேலே ரீலைத் திருப்பிச் சுற்றுகிற சத்தம் கேட்டது. நான் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு அவரிடம் ஓடினேன். “வேணாங்க. எங்கம்மாவுக்கு நெஞ்சுல நோவுங்க. இன்னொரு வாட்டி வந்தா செத்துடுவாங்க” என்று கும்பிட்டேன்.

“சாமி வந்து யாரும்மா செத்துருக்காங்க? ஒண்ணும் ஆவாது, போயி குந்து” என்றார்.

திரும்பி ஓடி வந்து அம்மாவின் கையைப் பிடித்து இழுத்தேன். வரவில்லை. இரண்டு கையாலும் இழுத்தேன். என்னைவிட இளைத்துப்போயிருந்தவள் பாறை மாதிரி கனத்தாள். லைட் அணைந்தது. வேறு வழி தெரியாமல் அவள் இரண்டு காதையும் பொத்தினேன். அவள் என் கைகளை மெல்ல எடுத்து என் மடியில் வைத்தாள்.

அடுப்படி. மூடிய கதவு. “அம்மா, கதவைத் திறம்மா.”

நான் கண்ணை மூடிக்கொண்டேன். எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். பக்கத்தில் அம்மாவின் குரல் கேட்டது. சாமிக் குரல் இல்லை, கத்தல் இல்லை, தினமும் வீட்டில் கேட்கிற குரல். “தோ வந்துட்டேன் கண்ணு.”

படத்துப் பெண் ‘இருடா’ சொல்வதற்கு முன்னால் அவள் சொல்லிவிட்டாள். எழுந்தாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, உட்கார்ந்திருந்த பெண்களை விலக்கிக்கொண்டு, பக்கத்துக் கதவுக்கு நடந்தாள். நான் பின்னாலேயே ஓடினேன். இரும்புத் தாழ்ப்பாளை இரண்டு கையாலும் இழுத்துக் கதவை அகலத் திறந்தாள்.

மேட்னி வெயில் அப்படியே உள்ளே கொட்டியது. திரை வெளுத்துப்போயிற்று. அடுப்படியும் பண்ணையாரும் எங்கே போனார்கள் என்று தெரியவில்லை. சத்தம் மட்டும் ஓடியது. வெளியே வேப்பமரம், சைக்கிள்கள், அதற்கு அப்பால் மலை. வேறு யாரும் இல்லை. அம்மா அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் பார்த்தாள். படியில் குனிந்து பார்த்தாள். பிறகு அங்கேயே உட்கார்ந்து, மடியைக் குவித்து, ஒரு வருஷத்து அழுகையை அழுதாள். பேர் சொல்லி அழுதாள். மார்பில் அடித்துக்கொள்ளக்கூட இல்லை.

உள்ளே உடுக்கை அடித்தது. பாம்பு வந்திருக்கும், அம்மன் வந்திருப்பாள், யாருக்கும் தெரியவில்லை. “அம்மன் மலையேறிட்ச்சி போல” என்று ஒரு கிழவி ஏமாற்றத்தோடு சொன்னாள். “ஏய், கதவ சாத்து! படம் தெரில!” என்று ஆண்கள் பக்கம் கத்தினார்கள். முதலாளி, “கதவ சாத்துமா!” என்று என்னைப் பார்த்துக் கையை நீட்டினார். நான் ஒரு கையால் அம்மாவின் நாடியைப் பிடித்துக்கொண்டு, முதுகைக் கதவில் அழுத்திச் சாய்ந்து நின்றேன். ரீல் முடியும்வரை சாத்த விடவில்லை.

அம்மனின் கண் கேமராவை நேராகப் பார்ப்பதால்தான் பெண்களுக்கு அருள் வருகிறது என்று பெரிய பெரிய கருத்தரங்குகளில் கட்டுரை வாசிக்கிறார்கள். இருக்கலாம், ஐயா. எனக்கு வாதாட இஷ்டமில்லை. அந்த ஒரு படத்துக்குப் பிறகு நான் ஆயிரம் படம் பார்த்திருப்பேன். இன்றும் திரைக்கு வெளியிலிருந்து ஒரு பிள்ளையின் குரல் வந்தால் கை தானாகப் பக்கத்து நாற்காலியைத் தடவுகிறது. அங்கே பெரும்பாலும் யாராவது ஒரு பேராசிரியர் உட்கார்ந்திருக்கிறார், பாவம்.

அம்மா பிறகு பல வருஷம் இருந்தாள். நைனாவிடம் அந்தக் ‘கூப்டான்’ கதையை அவள் சொன்னாளா என்று தெரியாது; நான் சொல்லவில்லை. அம்மன் படம் எத்தனையோ வந்தது, அவள் எதற்கும் போகவில்லை. ஆனால் எங்கள் வீட்டுப் பின்கதவுக்கு அதன்பின் தாழ்ப்பாள் போட விட்டதில்லை. லீவுக்கு ஊருக்குப் போகும்போதெல்லாம் கோழி உள்ளே வந்து அடுப்படியை மிதித்துக்கொண்டிருக்கும். கோழி போகட்டும், பாம்பு வந்தால்? தொறந்து போட்டிருக்கியே, ஏதாவது உள்ள வந்துடப் போவுது என்று நான் பதறிக் கத்துவேன்.

களித் துடுப்பை நிறுத்தாமல், “வரட்டும்டி” என்பாள்.